முக்கால் வேகம்

மார்ச் 10, திங்கள்

மூட்டம். மழை வராது, வருகிற மாதிரி பயம் மட்டும் காட்டும். பாய் மண்டியில் இன்று பதினோரு மூட்டை மிளகாய் வத்தல். காம்பு கிள்ள ஒன்பது பேர். எனக்குச் சுவரோரம், அதே இடம்.

புது நோட்டு. அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிவைக்கிறேன்.

காலையில் கை சுத்தமாக இருக்கும்போதே பாட்டை வைத்து, வயரை இரண்டு காதிலும் மாட்டி, போனைச் சுடிதார் பையில் போட்டுவிட வேண்டும். ஒரு வத்தலைக் கிள்ளிவிட்டால் அப்புறம் போனைத் தொட முடியாது. போன வாரம் மறந்து தொட்டு, அதே போனைக் காதில் வைத்து, சாயங்காலம் வரை காது மிளகாய்ப்பழம். ஆகவே ஒரு நாளைக்கு ஒரே பாட்டு. திரும்பத் திரும்ப, நாலரை மணிக்குக் குழாயடியில் கை கழுவும் வரை. பாய்க்கு நோன்பு, அதனால் இந்த மாதம் நாலரைக்கே பூட்டு.

முருகேஸ்வரி அக்கா இன்றும் சொன்னாள். அவள்தான் எங்களுக்குத் தலைவி மாதிரி. "பேரு பேச்சி. வாயத் தொறந்தா ஒரு பேச்சு கெடையாது. இவளுக்கு எந்தக் கோட்டிக்காரன்ட்டி பேரு வச்சான்?" எட்டுப் பேர் சிரித்தார்கள். காதில் பாட்டு ஓடியது, இருந்தாலும் கேட்டது.

வாட்ஸ்அப் குழு: ப்ளூஸ் கேட்போர் வட்டம். ப்ளூஸ் என்றால் அமெரிக்கக் கறுப்பர்களின் பழைய துக்கப் பாட்டு. நூற்றுச் சொச்சம் பேர். பேங்க், காலேஜ், பெங்களூர். அட்மின் சார் மதுரை. நான் அதில் பேச்சிமுத்து. அது அப்பா பெயர், அப்பாவின் பழைய போன். திருப்பூர் போய்ப் புதுசு வாங்கிக்கொண்டார். பெயரை நான் மாற்றவில்லை. சேர்ந்த அன்றே யாரோ 'வாங்க அண்ணாச்சி' என்றார்கள். திருத்தவில்லை. எழுத்துத் தேடித் தேடித் தட்டுவேன், கொஞ்சமாக எழுதுவேன். வயசானவர் என்று நினைத்துக்கொண்டார்கள். இப்போது எது நல்ல பாட்டு என்று என்னிடம்தான் கேட்கிறார்கள்.

இன்றைய பாட்டு கிழவன். கிழவன் என்பது நான் வைத்த பெயர். அட்மின் சார் குழுவில் போட்ட ஃபைல், பாடியது யார் என்று அவருக்கே தெரியாது. பழைய இசைத்தட்டின் கீறல், ஒரு கிட்டார், ஒரு குரல். பத்தாவதில் எனக்கு இங்கிலீஷ் போய்விட்டது. எழுத்துக் கூட்டிப் படித்தேன் என்று சார் வகுப்பு முன்னால், "எருமை ரோட்டக் கடக்க மாதிரி இருக்கு" என்றார். மறுபடி எழுதப் போகவில்லை. ஆனால் கிழவனின் வார்த்தைகள் எனக்கு வேண்டும். அதற்காகவே பாட்டை மெதுவாக்கும் ஆப் ஒன்றை இறக்கி, கிழவனை அதில் போட்டு, காதில் விழுவதைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்கிறேன். ஒன்பது வரி ஆகிவிட்டது. மற்ற பாட்டுகளை அப்படிச் செய்யவில்லை. அவற்றின் வார்த்தைகள் போனால் போகட்டும்.

போன மாதம் குழுவில் நான் எழுதியது: 'அறுபத்தைந்து வயது. முன்பல் இரண்டு இல்லை, அந்த வழியாகக் காற்றுப் போவது கேட்கும். அழவில்லை. அழுது முடித்து, முகம் கழுவி, ஈரத்தோடு வந்து உட்கார்ந்து பாடுகிறார்.' அட்மின் சார்: 'அண்ணாச்சி, நீங்க சொன்னப்புறம்தான் எனக்கே பல் கேக்குது!'

இன்று அவரே போட்டது: 'இந்த ஞாயிறு பேச்சிமுத்து அண்ணாச்சியின் பட்டியல். எழுத்தில் வேண்டாம். குரலில்.' கீழே நாற்பது கைதட்டல்.

குரலில் பேசச் சொன்னபோதெல்லாம் தொண்டை வலி என்று மூன்று தடவை சொல்லியாயிற்று. குரலைக் கேட்டால் தீர்ந்தது. அண்ணாச்சி செத்தார். மிச்சம், வத்தல் கிள்ளுகிற பேச்சி.


மார்ச் 11, செவ்வாய்

நிஜமாகவே மழை. இடைசெவல் விலக்கில் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம். செருப்பில் கரிசல் அப்பி ஒவ்வொரு காலும் ஒரு கிலோ. மண்டியில் வத்தல் பதத்துப்போய்க் காம்பு வரவில்லை, கையோடு இழுக்கிறது. பாய் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு. கிள்ளாமல் சும்மா உட்கார்ந்ததில் கை சுத்தம், போன் கையில்.

பேங்க்காரர் கேட்டார், புதிதாகக் கேட்பவனுக்கு எது நல்லது என்று. எழுதினேன்: 'மவுத் ஆர்கனில் ரயில் விடுகிறவர். இரண்டே நிமிடம். ரயில் வரும், நிற்கும், போகும். நீங்கள் ஏறமாட்டீர்கள். பிடிக்கவில்லை என்றால் கவலை வேண்டாம், உங்களுக்கு சினிமாப் பாட்டு இருக்கிறது.'

திருச்சி புரொபசர் மறுபடி ஆரம்பித்தார். 'என்ன இருந்தாலும் இது நம்ம ஒப்பாரிதானே?' மாதம் ஒரு தடவை இதைச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எழுதினேன்: 'உங்கள் வீட்டில் யாராவது போனபோது ஒப்பாரியைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா சார்? இல்லை, பந்தலுக்கு வெளியே போன் பேசிக்கொண்டு நின்றீர்களா?' சிரிப்புப் படங்கள் நிறைய. நல்ல மதியம்.

பிறகு புதிதாக ஒரு ஆள். ராணி டெய்லர்ஸ், கழுகுமலை. படத்தில் முகம் இல்லை, ஜாக்கெட் முதுகு ஒன்று, கயிறும் குஞ்சமும் வைத்து. எழுதியது அப்படியே:

'எல்லாருக்கும் வனக்கம். நான் மிசின் ஓட்டும்போது கேக்கிறது. அந்த கருப்பு கண்ணாடி அம்மா கிட்டார் வாசிக்கல. மாமியா மருமவள அதட்டுற மாதிரி அதட்டுது. மருமவ சும்மா இல்ல. பதிலுக்கு பதில் சொல்லுறா பாருங்க.'

வணக்கத்துக்கு மூன்று சுழி ண என்று தெரியாத பெண்.

போய் அந்தப் பாட்டைப் போட்டேன். மூன்று மாதமாகக் கேட்கிற பாட்டு. அந்தம்மா ஒரு வரி பாடுகிறார், கிட்டார் வெடுக்கென்று திருப்பிச் சொல்கிறது. மாமியார். மருமகள். அச்சு அசல். மூன்று மாதத்தில் எனக்கு அந்த வரி வரவில்லை.

வயிறு எரிந்தது. வத்தல் நெடி இல்லை, இது வேறு.


மார்ச் 12, புதன்

வெயில். மழை பெய்ததற்கு அடையாளம் ரோட்டில் மட்டும். நேற்றைய வத்தலையும் சேர்த்துக் கிள்ளச் சொன்னார்கள். நிறம் போன சண்டு வத்தல் இரண்டு சாக்கு தனி. விரல் நுனி பத்தும் நெருப்பு. தேங்காய் எண்ணெய் தேய்த்தும் போகவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிவிட்டுப் பார்த்தால் ராணி டெய்லர்ஸ்:

'அன்னாச்சி மன்னிக்கனும். கிழவன் பாட்டு நாலு தடவ கேட்டேன். அது பொம்பள குறல் மாதிரில்ல இருக்கு. சின்ன வயசு குறல். பல்லும் இருக்கு.'

எல்லோர் முன்னிலையிலும். பல்லும் இருக்கு.

தட்ட எனக்கு எப்போதும் நேரமாகும். இன்று ஆகவில்லை.

'குறலா? அது என்ன சாமான், எந்தக் கடையில் விற்கிறது? குரல் என்று ஒன்று உண்டு, அதற்கு இந்த ர. கேட்டது இன்னதென்று எழுதத் தெரியாதவர், பாடியது இன்னார் என்று சொல்ல வரவேண்டாம். நாலு தடவை அளவெடுத்துப் பார்ப்பது ஜாக்கெட்டுக்கு. பாட்டுக்கு அல்ல.'

அனுப்பிவிட்டு இன்னொரு தடவை படித்தேன். இப்படி ஒன்றை நான் நேரில் யாரிடமும் சொன்னதே இல்லை, பஸ்ஸில் காலை மிதித்தவனிடம்கூட.

பெங்களூர்ப் பையன்: 'கிலோ என்ன விலை குறல்?' இன்னொருவர்: 'குறல் அக்கா, எனக்கு ரெண்டு மீட்டர் குறல்.' பேங்க்காரர்: 'கிழவன்தான். சந்தேகமே இல்லை. இப்பத்தான் மறுபடி கேட்டேன்.' நேற்று என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட புரொபசர் இன்று என் பக்கம்: 'தொண்டையில் வயசு தெரிகிறது. குடித்த தொண்டை.'

ராணி டெய்லர்ஸ்: 'சரிங்க அன்னாச்சி. எனக்கு படிப்பு இல்ல. ஏழோட நின்னுட்டேன்.'

நான் பத்தோடு. எழுதவில்லை.

அட்மின் சார் தனியாக: 'அந்தம்மா சரிப்படலன்னா சொல்லுங்க அண்ணாச்சி, தூக்கிடுறேன். ஞாயிறு உங்க பட்டியல் முடியட்டும்.'

சாயங்காலம் பாய் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி, ஆளுக்கு ஒரு டம்ளர். ரொம்ப ருசி. இரண்டாவது கேட்டு வாங்கிக் குடித்தேன். நான் வாயைத் திறந்து கேட்டதை முருகேஸ்வரி அக்கா ஆச்சரியமாகப் பார்த்தாள்.


மார்ச் 13, வியாழன்

குழு முழுக்கக் குறல். காலை வணக்கத்துக்குப் பதில் 'இனிய குறல்.' ராணி டெய்லர்ஸ் ஒன்றும் எழுதவில்லை. குழுவிலிருந்து போகவும் இல்லை. போயிருக்கலாம்.

ஞாயிறுக்கு மூன்று நாள்.

வீட்டில் ஆள் இல்லாதபோது அடித்தொண்டையில் பேசிப் பார்த்தேன். "வணக்கம், நான் பேச்சிமுத்து பேசுதேன்." பருத்தி எடுக்கப் போன அம்மா எப்போது திரும்பினாள் என்று தெரியாது.

"என்னட்டி, தொண்டையில முள்ளு சிக்கிட்டா? சோத்த உருட்டி முழுங்கு."

"ஒண்ணுமில்லம்மா."

"ஒங்கப்பன் பேரச் சொல்லி என்னமோ சொன்ன மாதிரி இருந்துச்சு?"

"இல்ல."

அம்மா மடியில் இருந்த பருத்தியைக் கொட்டினாள். சோப்பு வாங்க வேண்டும்.


மார்ச் 14, வெள்ளி

வெள்ளிக்கிழமை தொழுகைக்காகப் பன்னிரண்டு மணிக்கே மண்டி பூட்டு. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினொன்றரை. எனக்கு இன்னும் அரை மூட்டை பாக்கி. காதில் கிழவன். முருகேஸ்வரி அக்கா கூப்பிட்டிருக்கிறாள், நான் கேட்கவில்லை. எதிரே வந்து நின்றாள்.

"ஏட்டி பேச்சி, காதுல என்னத்தட்டி சொருகிருக்க? காதுல என்னத்தட்டி சொருகிருக்கன்னு கேக்கேன்லா? ஒங்கப்பன் திருப்பூர்ல எவளோடயோ குடித்தனம் பண்ணுதான்னு ஊரே சொல்லுதே, அது கேட்டுரக் கூடாதுன்னா?"

ப்ளூஸ் பாட்டு அப்படித்தான் இருக்கும். முதல் வரி ஒன்று. அதே வரி இன்னொரு தடவை. மூன்றாவது வரியில் அடி. குழுவில் எத்தனை பேருக்கு இதை விளக்கியிருக்கிறேன். முருகேஸ்வரி அக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் அடுத்த வத்தலை எடுத்தேன். அவள் வயரைப் பிடித்து இழுத்தாள். வயர் போனிலிருந்து கழன்றது, போன் பையிலிருந்து கீழே விழுந்தது, கிழவன் மண்டி முழுக்கப் பாடினார்.

"எவன்ட்டி இவன், கெணத்துக்குள்ள விழுந்து கெடந்து கத்துதான்?"

"கோட்டிக்காரி, இதையா நாள் பூரா கேக்கா?"

முருகேஸ்வரி அக்கா போனை எடுத்தாள். "இரு, நிப்பாட்டுதேன் சவத்த." விரலை முந்தானையில் துடைத்துவிட்டு எங்கேயோ ஒரு அழுத்து. பாட்டு நிற்கவில்லை.

ஒரு பெண் பாடினாள்.

"இந்தா, இப்ப எவளோ பாடுதா!"

"அவனுக்குப் பொண்டாட்டியாருக்கும். ஒருத்தருக்கொருத்தர் திட்டிக்கிடுதாவ."

வேறு பாட்டு மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அது என் ஒன்பதாவது வரி. அதே கீறல், அதே இடத்தில். போனைப் பிடுங்கிப் பார்த்தேன். பாட்டுக்குக் கீழே, வேகம் முக்கால் என்று நான் வைத்திருந்த இடத்தில், ஒன்று என்று இருந்தது. மறுபடி முக்கால் வைத்தேன், கிழவன். ஒன்று வைத்தேன், பெண். வார்த்தை எழுத என்று முதல் நாளே முக்காலில் வைத்தது. காலையில் போட்டு மாலை வரை கைவைக்காமல், மூன்று மாதம், முக்காலிலேயே கேட்டிருக்கிறேன்.

பதினெட்டு, இருபது வயது இருக்கும். தடித்த குரல்தான். பெண் குரல். பல்லெல்லாம் இருக்கிறது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. திரையில் வத்தல் பட்டு, அதிலிருந்து விரலில் பட்டு, மூக்கில் பட்டு, இறங்கும் வரை தும்மல்.


மார்ச் 15, சனி

வேலைக்குப் போகவில்லை. அம்மாவிடம் வயிற்று வலி.

காலையில் தட்டியது: 'நண்பர்களே, கிழவன் விஷயத்தில் என் தவறு. ராணி டெய்லர்ஸ் சொன்னதுதான்' வரை வந்தேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். 'சொன்னதுதான்' வரை வந்து மறுபடி அழித்தேன். 'குடித்த தொண்டை' சொன்ன புரொபசர் அப்புறம் என்னை என்ன சொல்வார்? அவரிடம் நான் சொன்ன மாதிரிதான் சொல்வார். அதற்கு அவர் வாயே தேவையில்லை, என்னைத் திட்டும் வரியை நானே எழுதிக் கொடுப்பேன்.

பட்டியல் (ஞாயிறு):

ரயில் மவுத் ஆர்கன். பேங்க்காரர் இன்னும் கேட்டிருக்க மாட்டார், மறுபடி சொல்ல வேண்டும்.

கண்ணாடிப் பாட்டிலின் கழுத்தை உடைத்து விரலில் மாட்டி வாசிக்கிறவர். கம்பி மேல் கண்ணாடி வழுக்கும். பல் கூசும். கூசவில்லை என்றால் உங்கள் போன் சரியில்லை, அல்லது நீங்கள்.

கருப்புக் கண்ணாடி அம்மா. மாமியார், மருமகள். (சொல்லிவிடப் போகிறேன். யார் சொன்னது என்று யார் நினைவு வைத்திருக்கப் போகிறார்கள்?)

ஜெயிலில் பதிவு செய்த மரம் வெட்டுகிற பாட்டு. பத்துக் கோடாரி ஒரே நேரத்தில் இறங்கும். சோபாவில் படுத்துக்கொண்டு கேட்காதீர்கள், கோடாரிக்கு அது பிடிக்காது.

குடிகாரப் பியானோ. சும்மா, சிரிக்க. புரொபசருக்கு.

கடைசியில் கிழவன்.

குரலுக்கு வழி குளிக்கும்போது தோன்றியது. முக்காலில் ஒரு பெண் கிழவனாகிறாள் என்றால்.

மத்தியானம் ஊருக்கு வெளியே, பருத்தி எடுத்து முடிந்த காடு. வெடித்த கரிசல், பாளம் பாளமாக. ஆள் இல்லை. எதிர் வரப்பில் மயில் இரண்டு. முதலில் சாதாரணமாகப் பேசிப் பதிந்து முக்காலில் வைத்தேன். மூக்கடைத்த எருமை. ரோட்டைக் கடக்கிறது. பிறகு புரிந்தது, வேகமாகப் பேச வேண்டும். மூச்சு விடாமல், வார்த்தை மேல் வார்த்தை. எனக்கு அப்படிப் பேசி வழக்கம் இல்லை. முருகேஸ்வரி அக்காவை நினைத்துக்கொண்டேன். அவள் வேகத்தில், அவள் மாதிரி இடுப்பில் கை வைத்து, பட்டியல் முழுவதையும் காட்டைப் பார்த்து ஒரே மூச்சில் சொன்னேன். ஏழாவது தடவை சரியாக வந்தது.

முக்காலில் போட்டேன்.

அப்பா பேசுகிற மாதிரி இருந்தது. திருப்பூரிலிருந்து போன் பேசினால் இப்படித்தான் இருக்கும். ரொம்ப நாளாகப் பேசவில்லை, சரியாக நினைவும் இல்லை.

சேமித்தேன்.


மார்ச் 16, ஞாயிறு

வெக்கை. அம்மா கருவாட்டுக் குழம்பு. காலை பத்து மணிக்கு அனுப்பினேன்.

அட்மின் சார்: 'அண்ணாச்சிஈஈ! என்ன குரல்! எவ்வளவு பாரம்!'

பேங்க்காரர்: 'அறுபது இருக்குமா அண்ணாச்சி உங்களுக்கு? குரல்லயே அனுபவம் தெரியுது.'

புரொபசர்: 'கிழவனும் அண்ணாச்சியும் ஒரே தொண்டை.'

பெங்களூர்ப் பையன்: 'மாமியார் மருமகள்!!! அண்ணாச்சியால மட்டும்தான் இப்படிச் சொல்ல முடியும்.' அதற்கு அறுபது இதயம். செவ்வாய்க்கிழமை இதே குழுவில் இதே வரி இருந்தது. ஒருவருக்கும் நினைவில்லை. நான் நினைத்தது சரி.

பதினொன்று. பன்னிரண்டு. சாப்பிட்டேன். இரண்டு மணிக்குத் தனியாக ஒரு செய்தி. ராணி டெய்லர்ஸ்.

'தாயி, பட்டியல் கேட்டேன். பின்னால மயில் அகவுது. கழுகுமலையில தெனமும் விடிஞ்சா கேக்கேன், மயில் இப்படி இழுத்து அகவாது. மெதுவா ஓட விட்டிருக்கீங்கன்னு தெரிஞ்சது. மயில் சரியா வர்ற வரைக்கும் வேகத்த கூட்டி வச்சு கேட்டேன். சின்ன பிள்ள. கிழவனும் உங்களுக்கு அப்படித்தான் கேட்டிருக்கும்னு இப்ப புரியுது. யார்ட்டயும் சொல்ல மாட்டேன் தாயி. மாமியா மருமவ நீங்க சொல்லும்போது என்னவிட நல்லாருக்கு. உங்க குரல் நல்ல குரல். மெதுவாக்காம அனுப்பலாம்.'

நான்கு தடவை படித்தேன். தப்பு எங்கே என்று தேடினேன். இரண்டு குரலுக்கும் சரியான ர. யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும், இல்லை எழுதிப் பழகியிருக்க வேண்டும்.

என் பெயர் என்ன என்று கேட்கவில்லை.

'அக்கா' என்று தட்டினேன். அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே அட்மின் சார் செய்தி வந்து விழுந்தது: 'அண்ணாச்சி, இன்னைக்கு நம்ம வட்டத்துக்கே பெருமை. அப்புறம் அந்தக் குறல் அக்கா விஷயம்? வச்சுக்கவா, தூக்கவா? நீங்க சொல்றதுதான்.'

வெளியே அம்மா யாரிடமோ: "சத்தமே இருக்காது. எம்பிள்ள வீட்ல இருக்கதே தெரியாது."

'அக்கா'வை அழித்தேன். மூன்று எழுத்து.

அட்மின் சாருக்கு: 'தூக்கிவிடுங்கள்.'

மூன்று நிமிடம் ஆகவில்லை, குழுவில் ராணி டெய்லர்ஸ் இல்லை.